17 வளைவும் 3 கிலோமீட்டர் சேறும்

மக்களே, ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன். வைவால எக்ஸ்டர்னல் உங்களைப் பார்த்து, "சேத்துல ஒரு சக்கரம் மாட்டினா வண்டி ஏன் நகர மாட்டேங்குது?"ன்னு கேட்டா என்ன சொல்வீங்க?

"சார், டிஃபரென்ஷியல் பவரை எல்லாம் வழுக்குற சக்கரத்துக்கே அனுப்பிடும் சார்."

பெரும்பாலும் வர்ற பதில் இதுதான். மார்க்கும் கிடைச்சிடும். பவர்னு மட்டும் பார்த்தா அது தப்பும் இல்லை, ஏன்னா சுத்துறது அந்தச் சக்கரம் ஒண்ணுதான். ஆனா வண்டி நிக்கிறதுக்குக் காரணம் அது இல்லை. சாதாரண டிஃபரென்ஷியல், அதாவது ஓப்பன் டிஃபரென்ஷியல், யாருக்கும் ஓரவஞ்சனை பண்றதில்லை. இரண்டு சக்கரத்துக்கும் எப்பவும் ஏறக்குறைய ஒரே அளவு டார்க்கைத்தான் கொடுக்கும். பிரச்சினையே அந்தச் சமத்துவத்துலதான் இருக்கு.

ஒரு கணக்கு பார்ப்போம். சேத்துல இருக்கிற இடது சக்கரம் 100 நியூட்டன் மீட்டருக்கு மேல தாங்காம வழுக்கிடுதுன்னு வச்சுக்கோங்க. காஞ்ச பாறை மேல நிக்கிற வலது சக்கரம் 800 வரைக்கும் தாங்கும். ஓப்பன் டிஃபரென்ஷியல்ல இடது பக்கம் 100 வாங்கினா வலதுக்கும் 100தான். மொத்தம் 200. வலது சக்கரத்துக்கு இன்னும் 700 வாங்குற தெம்பு இருந்தும் கொடுக்க வழியில்லை. நீங்க ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க, இடது சக்கரம் கிரவுன் வீலோட வேகத்தைப் போல இரண்டு மடங்கு வேகத்துல சுத்தும். வலது சக்கரம் சும்மா வேடிக்கை பார்க்கும்.

இப்போ இரண்டு ஆக்சிலையும் ஒண்ணாப் பூட்டிட்டோம்னா? இரண்டும் ஒரே வேகத்துல சுத்தியே ஆகணும். இடது தன் பங்குக்கு 100 வாங்கும், வலது 800 வரை வாங்கும். மொத்தம் 900. எஞ்சின் அதே எஞ்சின், கியர் அதே கியர். ஓப்பன் டிஃபரென்ஷியல் டார்க்கைச் சமமா வச்சுக்கிட்டு வேகத்தை விட்டுக்கொடுக்குது. லாக்கர் வேகத்தைச் சமமா வச்சுக்கிட்டு டார்க்கை விட்டுக்கொடுக்குது. இரண்டையும் ஒரே நேரத்துல சமமாக்க முடியாது.

இந்த ஒரு வரியை நான் புத்தகத்துல படிச்சப்போ புரியலை. போன லீவுல போடியில மாமா வீட்டு வாசல்ல, இரண்டு நாள் கிரீஸும் கையுமா உட்கார்ந்தப்போதான் புரிஞ்சது. அந்தக் கதைதான் இது.

மாமாவோட வண்டி

தேனி மாவட்டத்துக்காரங்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, மத்தவங்களுக்காகச் சொல்றேன். போடி, தேவாரம், கம்பம் பக்கத்துல இருந்து தினமும் விடியக்காலையில ஜீப் ஜீப்பா ஆட்கள் மலையேறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போவாங்க. பெரும்பாலும் பொம்பளைங்கதான். காலையில தூக்குவாளியோட ஏறினா சாயங்காலம்தான் இறங்குவாங்க. என் மாமா அப்படி ஆள் ஏத்துற ஒரு பழைய ஜீப்பை ஓட்டறார். இருட்டோட போடியில கிளம்பணும். ஒருநாள் வண்டி நின்னா அவருக்கு மட்டும் இல்லை, வண்டியில வர்ற அத்தனை பேருக்கும் அன்னிக்குக் கூலி கிடையாது.

பாதை இப்படி: போடியில இருந்து போடிமெட்டு வரைக்கும் 17 கொண்டை ஊசி வளைவு, நல்ல தார் ரோடு. மேல போனா பனி, மழைக்காலத்துல எதிர்ல வர்ற வண்டியோட லைட்டு மட்டும்தான் தெரியும். அப்புறம் தார் ரோட்டை விட்டு எஸ்டேட்டுக்குள்ள திரும்பினா கடைசி 3 கிலோமீட்டர் மண் பாதை. காஞ்சிருந்தா கல்லு. மழை பெஞ்சா சோப்பு.

"ஃபோர் வீல் டிரைவ் இருக்குல்ல, அப்புறம் என்ன?"ன்னு கேப்பீங்க. இருக்கு. ஆனா அது முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவுல பங்கு போடுறது. ஒவ்வொரு ஆக்சிலுக்குள்ளயும் இடது வலதுன்னு பங்கு போட தனித்தனியா ஒரு ஓப்பன் டிஃபரென்ஷியல் உட்கார்ந்திருக்கு. பள்ளம் குறுக்கால வந்து முன் இடது சக்கரமும் பின் வலது சக்கரமும் ஒரே நேரத்துல அந்தரத்துல தொங்கினா, நாலு சக்கரத்துல இரண்டு காத்துல சுத்தும், இரண்டு தரையில நிக்கும். வண்டி அங்கேயே.

அப்படி நிக்கும்போதெல்லாம் பின்னாடி இருக்கிற அத்தைமாருங்க இறங்கித் தள்ளுவாங்க. போன மழைக்காலத்துல அப்படித் தள்ளும்போது வண்டி ஓரடி பின்னால வழுக்க, ஒரு பெரியம்மா கீழ விழுந்துட்டாங்க. கால்ல சிராய்ப்போட போச்சு. மாமா அன்னிக்கு ராத்திரி சாப்பிடலைன்னு அத்தை சொன்னாங்க. மறுநாள் எனக்கு போன். "மாப்ளே, நீ இதத்தான படிக்கிற? இதுக்கு ஒரு வழி சொல்லு."

முதல்ல காசு செலவில்லாத வழிகளைத்தான் சொன்னேன். மண் பாதையில இறங்கும்போது டயர் காத்தைக் கொஞ்சம் குறைக்கிறது, பட்டன் தேய்ஞ்ச பின் டயரை மாத்துறது, பள்ளத்துல சக்கரத்தை இறக்காம இரண்டு பள்ளத்துக்கு நடுவுல இருக்கிற மேட்டுல ஏத்தி ஓட்டுறது. மாமா சிரிச்சார். அதெல்லாம் அவர் இருபது வருஷமா பண்றதுதான்.

வெல்டு அடிச்சா போதாதா?

ஊர்ல எங்க வண்டியைப் பார்க்கிற மெக்கானிக் அண்ணன் ஒரே வார்த்தையில முடிச்சிட்டார். "உள்ள இருக்கிற ஸ்டார் பினியனையும் சன் கியரையும் சேர்த்து வெல்டு அடிச்சுருவோம். அரை நாள் வேலை." சேறு மட்டுமே ஓடுற வண்டிக்கு உலகம் பூரா பண்றதுதான். தப்பான யோசனை இல்லை. ஆனா நம்ம வண்டிக்கு 17 வளைவு இருக்கே?

இங்கதான் நான் படிச்ச படிப்பு உருப்படியா ஒரு தடவை வேலைக்கு வந்துச்சு. மாமாவோட ட்ரிப் நோட்டைத் திருப்பி, பின்னட்டையில கணக்கு போட்டேன். வண்டி அரைவட்டம் திரும்பினா வெளிச் சக்கரம் உள் சக்கரத்தை விட எவ்வளவு தூரம் கூட ஓடும்? இரண்டு சக்கரத்துக்கும் நடுவுல இருக்கிற அகலத்தை பையால பெருக்கினா போதும். வளைவு சின்னதா பெருசாங்கிறது கணக்குலயே வராது. அகலம் 1.3 மீட்டர்னு வச்சா, 1.3 × 3.14, அதாவது சுமார் 4.1 மீட்டர். டயர் ஒரு சுத்து சுத்தினா ஏறக்குறைய 2.2 மீட்டர் ஓடும். ஆக, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுலயும் வெளிச் சக்கரம் கிட்டத்தட்ட இரண்டு சுத்து அதிகமா சுத்தியாகணும்.

வெல்டு அடிச்ச ஆக்சில்ல அந்த இரண்டு சுத்துக்கு இடமே கிடையாது. அப்போ என்ன ஆகும்? ஒரு டயர் ரோட்டுல தேய்ஞ்சு இழுபடும். இல்லைன்னா ஆக்சில் முறுக்கேறும். காஞ்ச தார்ல டயரும் ஆக்சிலும் அடி வாங்கும். நனைஞ்ச தார்ல பின் சக்கரம் இரண்டும் சேர்ந்து வண்டியை நேரா தள்ளும், நீங்க ஸ்டியரிங்கை ஒடிச்சாலும் முன்பக்கம் வெளிப்பக்கமா நழுவும். கொண்டை ஊசி வளைவுல வெளிப்பக்கம்னா என்னன்னு உங்களுக்கே தெரியும். ஒரு பக்க வளைவுல பள்ளத்தாக்கு, இன்னொரு பக்க வளைவுல எதிர் வண்டி.

அந்த 4.1 மீட்டருக்காகத்தான் டிஃபரென்ஷியல்னு ஒண்ணையே கண்டுபிடிச்சாங்க. பிரான்ஸ்ல ஒனேசிஃபோர் பெக்கர் 1827ல நீராவி வண்டிக்காக இதைக் கொண்டு வந்தார். 1937ல செவர்லே கம்பெனிக்காக எடுத்த ஒரு பழைய விளக்கப் படத்தை யூடியூப்ல நீங்களே பார்த்திருப்பீங்க, மோட்டார்சைக்கிள்காரங்க வரிசையா வளைவுல திரும்புவாங்களே, அதுவும் இதைத்தான் சொல்லுது. ஓப்பன் டிஃபரென்ஷியல் ஒரு குறை இல்லை மக்களே. அது ரோட்டுக்காகப் பொறந்தது, நாமதான் சேத்துல இறக்குறோம்.

மாமா கணக்கைப் பார்த்துட்டு, "அப்ப பூட்டும் வேணும், சாவியும் வேணும்னு சொல்லு"ன்னார். அவ்வளவுதான் விஷயம்.

சாவியோட வர்ற பூட்டு இல்லாம இல்லை. டிராக்டர் ஓட்டின பசங்களுக்குத் தெரியும், குதிகால் பக்கத்துல ஒரு மிதி இருக்கும், மிதிச்சா டிஃபரென்ஷியல் பூட்டிக்கும், விட்டா திறந்துக்கும். ஜீப்புக்கும் காத்துல இயங்குற லாக்கர் கிடைக்குது, டேஷ்போர்டுல சுவிட்ச் போட்டா பூட்டும். புது தார்ல பின் ஆக்சில்ல ஈட்டன் கம்பெனியோட லாக்கர் வருது, இரண்டு சக்கரத்துக்கும் வேக வித்தியாசம் அதிகமானா தானாப் பூட்டிக்கும். ஆனா காத்து லாக்கருக்கு கம்ப்ரசர் வேணும், காத்துக்குழாய் இழுக்கணும். அதை விட முக்கியம், டிஃபரென்ஷியல் கேஸையே மாத்தணும். கேஸை மாத்தினா பேரிங் பிரீலோடு, கிரவுன் பினியன் பேக்லாஷ் எல்லாம் முதல்ல இருந்து செட் பண்ணணும். வீட்டு வாசல்ல பண்ற வேலை இல்லை, எங்க பட்ஜெட்டும் இல்லை.

மூணாவது வழி, பழைய கேஸுக்குள்ளயே உட்கார்ற ஆட்டோமேட்டிக் லாக்கர். ஸ்டார் பினியன், சன் கியரைக் கழட்டிட்டு அந்த இடத்துல பல்லு வச்ச நாலு துண்டை வைக்கிறது. ஆக்சிலோட சேர்ந்து சுத்துற கப்ளர் இரண்டு, நடுவுல டிரைவர் இரண்டு. ஆக்சிலரேட்டர் கொடுத்தா கிராஸ் பின் நடுத்துண்டுகளை வெளிப்பக்கம் தள்ளி, பல்லோட பல்லு கோத்து இரண்டு ஆக்சிலையும் பூட்டிடும். வளைவுல வெளிச் சக்கரம் வேகமா ஓட ஆரம்பிச்சா, அந்தப் பக்கத்துப் பல்லு ஏறி இறங்கி டிக் டிக்னு நழுவி விட்டுடும். சைக்கிள் ஃப்ரீவீல் மாதிரி. எந்தச் சக்கரமும் கிரவுனை விட வேகமா ஓடலாம், மெதுவா மட்டும் ஓடக்கூடாது. சுவிட்ச் கிடையாது, காத்து கிடையாது. சாவி நம்ம வலது கால்ல இருக்கு. இதைத்தான் வரவழைச்சோம்.

சனி, ஞாயிறு

சனிக்கிழமை காலையில ஆரம்பிச்சு திங்கக்கிழமை விடியறதுக்குள்ள வண்டி ஓடணும். நான், மாமா, வேடிக்கை பார்க்க வந்து வேலைக்காரரா மாறின மெக்கானிக் அண்ணன். யாராச்சும் இதைப் பண்ணப் போறீங்கன்னா, எங்களுக்கு நேரம் எங்க போச்சுன்னு சொல்றேன்.

முதல்ல இடம். சிமெண்டுத் தரை. முன் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை. பின் ஆக்சில் ஹவுசிங்குக்குக் கீழ இரண்டு ஸ்டாண்ட். ஜாக்கியை நம்பி வண்டிக்குக் கீழ தலையை விடாதீங்க. ஹவுசிங்கை வெளியில நல்லாக் கழுவினோம். உள்ள ஒரு மணல் துகள் போனாலும் பேரிங்குக்குக் கேடு.

பின் மூடியைத் திறந்து ஆயிலை வடிச்சா, 90 நம்பர் ஆயிலோட அந்தக் கந்தக வாடை தெருமுனை வரைக்கும் போச்சு. ஆயில்ல மினுமினுன்னு மாவு மாதிரி தூள் இருந்தா பழைய வண்டிக்கு அது சகஜம். துண்டு துண்டா இரும்பு வந்தா லாக்கரை ஓரமா வச்சிட்டு, எந்தப் பல்லு உடைஞ்சதுன்னு முதல்ல தேடணும். எங்களுக்கு மாவுதான்.

ஒண்ணைக் கழட்டுறதுக்கு முன்னாடி டயல் கேஜ் வச்சு கிரவுன் வீலோட பேக்லாஷை அளந்து எழுதி வச்சேன். 0.18 மில்லிமீட்டர். "ஓடிக்கிட்டு இருக்கிற வண்டி, எதுக்கு அளக்கிற?"ன்னு மாமா கேட்டார். திரும்பப் பூட்டினதுக்கப்புறம் அதே எண் வந்தாத்தான் நாம எதையும் கலைக்கலைன்னு தெரியும். மெட்ராலஜி லேப்ல தூங்கினவங்க கவனிக்கவும்.

அடுத்து சக்கரம், டிரம், ஆக்சில். ஆக்சிலைப் பிடிச்சு வச்சிருக்கிற முறை வண்டிக்கு வண்டி மாறும். சிலதுல உள்ள சி மாதிரி ஒரு கிளிப் இருக்கும். எங்க வண்டியில சக்கர ஓரத்துல ஒரு தட்டும் நாலு போல்ட்டும். முழுசா உருவ வேண்டாம், கேஸை விட்டு வெளிய வர்ற அளவு இழுத்தா போதும்.

பேரிங் கேப் இரண்டையும் கழட்டுறதுக்கு முன்னாடி பஞ்ச் வச்சு அடையாளம் போட்டோம். இடதுக்கு ஒரு புள்ளி, வலதுக்கு இரண்டு புள்ளி. அந்த கேப்பை ஹவுசிங்கோட சேர்த்து வச்சுத்தான் துளை போட்டிருப்பாங்க. இடம் மாறினாலோ தலைகீழா வச்சாலோ பேரிங் சரியா உட்காராது. ஷிம்மும் அப்படித்தான். இடது பக்கத்து ஷிம்மை ஒரு கம்பியில கோத்து இடது பக்கம், வலதை வலது பக்கம் தொங்க விட்டோம். இந்த இரண்டையும் காப்பாத்தினா செட்டிங் கலையாது. வீட்டு வாசல்ல இந்த வேலையைப் பண்ண முடியறதே இதனாலதான்.

கேஸ் வெளிய வந்ததும் லாக் பின்னைத் தட்டி எடுத்து, கிராஸ் பின்னை உருவினா, ஸ்டார் பினியன் இரண்டும் உருண்டு கையில வந்துச்சு. மாமா ஒண்ணைக் கையில வச்சுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இம்புட்டுத்தானாடா?"ன்னு கேட்டார். இத்தனை வருஷம் அவர் வளைவுல திரும்பினதெல்லாம் அந்த உள்ளங்கை அளவு கியராலதான்.

புதுத் துண்டுகளை உள்ள வைக்கிறதுக்கு அரை மணி நேரம்னு நினைச்சோம். மூணு மணி நேரம் ஆச்சு. நடுத்துண்டுகளுக்கு இடையில சின்னச் சின்ன பின்னும் ஸ்பிரிங்கும் இருக்கு. ஒண்ணை அமுக்கினா இன்னொண்ணு எகிறும். ஒரு ஸ்பிரிங் அத்தையோட கோலத்துக்கு நடுவுல போய் விழுந்து, அதைத் தேட டார்ச் அடிச்சோம். கடைசியில கிரீஸை அப்பி ஒட்ட வச்சு, மெல்லிசான ஸ்குரூ டிரைவரால ஒவ்வொண்ணா நெம்பி உள்ள தள்ளினது மெக்கானிக் அண்ணன்தான். அந்தப் பொறுமை சிலபஸ்ல கிடையாது.

கிராஸ் பின்னைப் போட்டதும் ஃபீலர் கேஜ். நடுத்துண்டு இரண்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி, லாக்கரோட வந்த தாள்ல சொன்ன வரம்புக்குள்ள இருக்கணும். இடைவெளி அதிகமா இருந்தா பல்லு முழுசா கோக்காது, குறைவா இருந்தா வளைவுல விடுபட இடம் இருக்காது. பழைய கேஸ் உள்பக்கம் தேய்ஞ்சிருந்தா இங்க தெரிஞ்சிடும், அப்படித் தெரிஞ்சா அதோட நிறுத்திடணும். எங்களுக்கு வரம்புக்குள்ளயே வந்துச்சு. அப்புறம் எல்லாம் தலைகீழ் வரிசை. ஷிம் அந்தந்தப் பக்கம், கேப் புள்ளி பார்த்து, டார்க் ரெஞ்ச் வச்சு இறுக்கம். பேக்லாஷ் திரும்ப அளந்தேன். 0.18. அந்த எண்ணைப் பார்த்தப்போ எனக்கு வந்த சந்தோஷம் எந்த செமஸ்டர் ரிசல்ட்டுலயும் வந்ததில்லை.

மூடியில பேஸ்ட் தடவி, அது இறுக நேரம் விட்டு, புது ஆயில் ஊத்தி, சக்கரம் மாட்டினதும் சோதனை. எஞ்சின் ஆஃப், கியர்ல வண்டி, பின் சக்கரம் இரண்டும் அந்தரத்துல. மாமா இடது சக்கரத்தை முன்பக்கமா திருப்பி இறுக்கிப் பிடிச்சுக்கிட்டார். நான் வலது சக்கரத்தைப் பின்பக்கமா சுத்தினேன். டிக், டிக், டிக். அப்புறம் பக்கம் மாத்தி, திசை மாத்தி. எல்லாத்துலயும் டிக் டிக். பூட்டுது, விடுது.

திங்கக்கிழமையில இருந்து

முதல் மழைக்கு ஒரு வாரம் ஆச்சு. வழக்கமா நிக்கிற பள்ளத்துல பின் வலது சக்கரம் தூக்குச்சு, வண்டி ஒரு உதறு உதறி ஏறிடுச்சு. பின்னாடி யாரும் இறங்கலை. ஏன் இறங்கலைன்னு அத்தைமாருக்கே கொஞ்ச நேரம் புரியலையாம். மாமா போன்ல இதைச் சொல்லும்போது குரல் வேற மாதிரி இருந்துச்சு.

ஆனா இதோட நிறுத்தினா நான் பாதி உண்மையைத்தான் சொன்னவனாவேன். லாக்கர் போட்டதுல இருந்து மாமா ஓட்டுற விதமே மாறிடுச்சு. மாத்திக்கிட்டார்னு சொல்றதுதான் சரி.

வளைவுல பாதியில ஆக்சிலரேட்டரை விட்டு விட்டு மிதிச்சா உள்ள பூட்டு மாறி மாறி விழும், வண்டி டொக்குனு இடிக்கும். அதனால வளைவுக்கு முன்னாடியே கியரைக் குறைச்சு, உள்ள நுழைஞ்சா ஒரே சீரா மெல்லிசா கொடுத்துக்கிட்டு வெளிய வரணும். நனைஞ்ச தார்ல வளைவுக்குள்ள அழுத்தி மிதிச்சா பின்பக்கம் நழுவப் பார்க்கும். 17 வளைவுக்கும் இதுதான் விதி.

பின் டயர் இரண்டும் ஒரே அளவு, ஒரே தேய்மானம், ஒரே காத்து. ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் ரீட்ரெட்னு போட்டா நேர் ரோட்டுலயே சக்கர வேகம் மாறி லாக்கர் சும்மா சும்மா டிக் டிக்னு தேயும்.

பஞ்சர் கடையில சொல்லி வைக்கணும்: ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கி, கியர் போட்டு எஞ்சினை ஓட்டக் கூடாது. முன்னாடி தூக்கின சக்கரம் மட்டும் சுத்தும். இப்போ தரையில இருக்கிற சக்கரமும் சேர்ந்து சுத்தும், வண்டி ஜாக்கியை விட்டுப் பாயும். மாமா இதை டேஷ்போர்டுல பெயிண்டாலயே எழுதி வச்சுட்டார்.

ஆக்சில் விஷயம் ஒண்ணு. முன்னாடி ஒரு ஆக்சிலுக்கு அதிகபட்சம் பாதிதான் போகும். இப்போ ஒரு சக்கரம் காத்துல இருந்தா மொத்த டார்க்கும் இன்னொரு ஆக்சில் மேலதான். பழைய ஆக்சில். சேத்துல உறுமிக்கிட்டு மிதிச்சா அதுதான் முதல்ல முறியும். லோ ரேஞ்ச், முதல் கியர், மெதுவா.

கடைசி விஷயம்தான் பெருசு. எஸ்டேட் பாதையில ஒரு இடத்துல பாதையே பள்ளத்துப் பக்கமா சரிஞ்சிருக்கும். ஐம்பது அறுபது அடிதான். ஓப்பன் டிஃபரென்ஷியல் இருந்தப்போ அங்க ஒரு சக்கரம் சுத்தினாலும் இன்னொரு சக்கரம் சுத்தாம நின்னு, ஒரு நங்கூரம் மாதிரி வண்டியைப் பக்கவாட்டுல நழுவ விடாமப் பிடிச்சிருக்கும். சுத்துற டயருக்குப் பக்கவாட்டுப் பிடிப்பு போயிடும், நிக்கிற டயருக்கு இருக்கும். இப்போ பிடிப்பு விட்டா இரண்டும் சேர்ந்து சுத்தும், பின்பக்கம் அப்படியே பள்ளத்துப் பக்கம் இறங்கும். பள்ளத்துல நம்மளைத் தூக்கி விட்ட அதே லாக்கர்தான் இங்க கீழ தள்ளப் பார்க்கும்.

இதை மாமாகிட்ட வேலையை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே படம் போட்டுச் சொன்னேன். ரொம்ப நேரம் யோசிச்சார். "சரி, மழை நாள்ல அந்த இடத்துல எல்லாரையும் இறக்கி நடக்க விட்டுட்டு நான் மட்டும் வண்டியைக் கடத்திர்றேன்"ன்னார். இன்னிக்கும் அப்படித்தான் நடக்குது. தள்ளுறதுக்காக இறங்கினவங்க இப்போ நடக்குறதுக்காக இறங்குறாங்க. அந்தப் பெரியம்மா மட்டும், "காசு போட்டு மாட்டியும் எங்களை நடக்கத்தானய்யா விடுற"ன்னு மாமாவை வம்பிழுப்பாங்களாம். மாமா சிரிச்சுக்கிட்டே கதவைத் திறந்து விடுவாராம்.

நம்ம கார்ட்டிங் டீம் பசங்களுக்கு ஒரு வார்த்தை. உங்க கார்ட்டுல டிஃபரென்ஷியலே கிடையாது, பின் ஆக்சில் ஒரே ராடு. அது செலவு மிச்சத்துக்காக மட்டும்னு நினைச்சிடாதீங்க. வளைவுல உள் பின் சக்கரம் லேசா மேல எழும்புற மாதிரி சேசிஸையும் ஸ்டியரிங்கையும் அமைச்சு அந்தக் கணக்கைச் சரி பண்றாங்க. அவங்களும் எதையோ கொடுத்துத்தான் வாங்குறாங்க. எந்த பார்ட்டைப் பத்திப் படிச்சாலும் "இது என்ன பண்ணும்?"னு கேக்கறதோட நிறுத்தாம, "இது எதை விட்டுக்கொடுக்குது, அந்த இழப்பு யார் தலையில விழுது?"ன்னும் கேளுங்க. எங்க வண்டியில அது பின் சீட்டுல உட்கார்ந்திருந்த பத்துப் பேர் தலையில விழுந்திருக்கும்.

நம்ம ஆட்டோமொபைல் லேப்ல ஜன்னல் ஓரமா ஒரு வெட்டி வச்ச டிஃபரென்ஷியல் தூசியோட கிடக்கு. அடுத்த தடவை போகும்போது கிரவுன் வீலை ஒரு கையால அசையாமப் பிடிச்சுக்கிட்டு, ஒரு பக்க ஆக்சிலைச் சுத்திப் பாருங்க. மறுபக்கம் எதிர்த் திசையில அதே அளவு சுத்தும். அப்புறம் உங்க ஃப்ரெண்டை அந்த மறுபக்கத்தை இறுக்கிப் பிடிச்சுக்கச் சொல்லிட்டு, கிரவுனைச் சுத்துங்க. உங்க பக்கத்து ஆக்சில் எத்தனை சுத்து சுத்துதுன்னு எண்ணுங்க. வைவாவுக்கான பதில் அங்க இருக்கு.